டாக்டரம்மாவின் பயம்

“எனக்குப் பயமா இருக்கு.”

என் மனைவியின் வயிற்றை நெடுநேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தை இதுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பயப்படுவதற்கு நாங்கள் போதாதா? அந்த வேலையை வீட்டிலேயே இரவும் பகலுமாகச் செய்துகொண்டுதானே இருந்தோம். அதற்காகவா மாட்டு வண்டி கட்டி, ஆற்றைக் கடந்து, எலும்பெல்லாம் குலுங்க இவரைத் தேடி வந்தோம்? டாக்டர் என்றால் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லத்தானே டாக்டர்?

அவர் சொல்லவே மாட்டார். அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் கிடந்த காலம் முழுவதும் அப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பயம் என்ற சொல்தான் வந்துகொண்டே இருந்தது. சோற்றுக்கு உப்புக் கேட்பது போல அத்தனை சாதாரணமாகச் சொல்வார். யாராவது மறுபடி கேட்டால் மறுபடியும் சொல்வார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. பாளையங்கோட்டைப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, ஆபரேஷன் அறை எல்லாம் இந்த அம்மாள் ஒருவர் தலையில் விழுந்திருந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரில் பிறந்து, மதராஸ் வரை போய்ப் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உயரம், நல்ல கறுப்பு. வெள்ளைச் சேலையின் தோள்பட்டையில் ஆண்பிள்ளைக் கடிகாரம் ஒன்றை ஊக்கால் குத்தித் தொங்கவிட்டிருப்பார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். அவர் வருவது மூன்று அறைகளுக்கு அப்பாலேயே கேட்கும். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “நான் வாரது தெரிஞ்சா திங்கக் கூடாதுன்னு சொன்னதை ஒளிச்சு வச்சிருக்கவங்க எல்லாம் அவசரமா வாயில போட்டுக்கிடுவாங்கல்லா? மென்னுக்கிட்டிருக்க வாயைப் பிடிச்சிரலாம்” என்றார். அதிலும் ஒரு கணக்கு.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனைவி பெயர் கிருபை. கல்யாணமாகிச் சில வருஷங்கள் குழந்தை இல்லாமல் இருந்து, ஒரு நாள் அவள் வயிறு மேடிட ஆரம்பித்தது. என் அம்மா அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மருமகளுக்குப் பாலும் பழமும் கொடுத்துத் தாங்கினாள். கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். பத்தாம் மாதம் வந்தது, போனது. வயிறு வளர்ந்துகொண்டே இருந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை. மருத்துவச்சி வந்து கை வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் இன்னும் பெறவில்லையா என்று கேட்டார்கள். கிருபை வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். கை கால் எல்லாம் குச்சியாகி வயிறு மட்டும் பானையாக நின்றது. அந்த நிலையில்தான் அவளைக் கொண்டுபோனோம்.

பிள்ளை இல்லை, கட்டி என்று டாக்டரம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பயத்தைச் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருபையையும் எழுந்து உட்காரச் சொன்னார். நான் அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று ஜாடை காட்டினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அவளைப் பார்த்தேதான் பேசினார்.

“வெட்டாம விட்டா இது ஒன்னைத் தின்னுரும். வெட்டினா மேசையிலேயே உயிர் போனாலும் போகலாம். எனக்கு ரெண்டுக்கும் பயம்தான். எதுக்குக் கூடப் பயப்படணும்னு பாத்துச் சொல்லுதேன். அதுக்குக் கொஞ்ச நாள் நீ இங்கன இருக்கணும்.”

கிருபை என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்த வயிறு வந்த நாள் முதல் அவளிடம் யாரும் ஒளிக்காமல் பேசியது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அம்மா உபதேசியாரின் விதவை. ஒழுங்கு என்றால் அவளுக்கு வேதத்துக்கு அடுத்தபடி. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் நடந்தால் காலடி கேட்கக் கூடாது, சாப்பிட்டால் வாய்ச் சத்தம் கேட்கக் கூடாது. மருமகளுக்கு ஏப்பம் என்று ஒன்று வரவே கூடாது. கொட்டாவி வந்தால் முந்தானை, தும்மல் வந்தால் கொல்லைப்புறம். கிருபை இதில் தேறியவள். கல்யாணமாகி அதுவரை அவள் தும்மி நான் கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தைக்கும் மருமகளுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. மரியாதைதான் மலையளவு இருந்தது.

டாக்டரம்மா பயப்படுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வருகிறவர்களை முதலில் நடக்க விடுவார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆற்றுப் படித்துறை இருந்தது. அதில் இறங்கி ஏறச் சொல்லிவிட்டு மேலே நின்று பார்ப்பார், மூச்சு வாங்குகிறதா என்று. பிறகு அவர்களுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். கொதித்தும் தெளிவாக இருந்தால் நல்லது. முட்டை வெள்ளை மாதிரி திரிந்து நின்றால் உதட்டைக் கடித்துக்கொள்வார். ஈறு, நாக்கு, கண் இமையின் உள்பக்கம் எல்லாம் பார்த்து, கடைசியில்தான் எந்த இடத்தில் வலி என்று கேட்பார். வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவனுக்கு இது எப்படி இருக்கும்?

வள்ளியூரிலிருந்து ஒரு வியாபாரி அண்ணாச்சி வந்திருந்தார். குடலிறக்கம். சந்தைக்கு முன்னால் வெட்டித் தைத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வண்டி நிறைய வாழைத்தாருடன் வந்து இறங்கியவரைப் படித்துறைக்கு அனுப்பினார் இந்த அம்மாள். அவர் முக்கால்வாசி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். குழலில் காய்ச்சியதும் திரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு பட்டைக் கச்சையை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டு, “ஒம்ம குடலு காத்திருக்கும் அண்ணாச்சி. மயக்கமருந்து குடுத்தா ஒம்ம நெஞ்சு காத்திருக்காது” என்றார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். டாக்டரம்மா கொஞ்சமும் கோபப்படாமல் ஆமாம் என்றார். அந்த மனுஷர் கச்சையும் கட்டிக்கொண்டு, நாங்கள் அறிய வெகுகாலம் ஆயுசோடு இருந்தார். வருஷம் தவறாமல் வாழைத்தார் கொண்டுவந்து இறக்குவார், வருஷம் தவறாமல் அதே வாசலில் நின்று திட்டிவிட்டுப் போவார். அந்தத் தார்களைச் சாப்பிடும்போதெல்லாம் டாக்டரம்மா முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

கிருபையைத் தேற்றுவதிலேயே வாரங்கள் போயின. முட்டை, பால், இரும்புச் சத்துள்ள ஒரு கசப்பு மருந்து. ஒரு நாள் அவளுடைய சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். வயிற்றை வெட்டவென்று வந்த இடத்தில் பல்லைப் பிடுங்குகிறார்களே என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயில் சீழை வைத்துக்கொண்டு வயிற்றைத் திறக்க மாட்டேன் என்றார் அவர். அப்புறம் ஒரு தலையணையைக் கையில் கொடுத்து, அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இருமிப் பழகச் சொன்னார். வெட்டிய பிறகு இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தையல் பிய்யாமல் இருக்க இப்போதே பழக வேண்டுமாம். கிருபையோ அத்தை பக்கத்தில் இருக்கும்போது எப்படி இருமுவது என்று தவித்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இவள் பூனை மாதிரி இருமினாள். இது இருமலா என்று டாக்டரம்மா அதட்டினார்.

கடைசியில் ஒரு நாள் குறித்தார். வெட்டாவிட்டால்தான் பயம் கூட என்று முடிவாகிவிட்டது. அந்த நாளில் எங்கள் சனம் எல்லாம் வண்டி கட்டி வந்து இறங்கிவிட்டது. உடன்குடியிலிருந்து மாமனார் வீட்டார் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்தார்கள். ஐயர் வந்து, அதாவது எங்கள் பாதிரியார் வந்து, கண்ணீர் வர ஜெபம் பண்ணினார். கிருபை எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு ஆபரேஷன் அறைப் பக்கம் நடந்தாள். வராந்தாவில் போகும்போது முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு சின்னதாக ஒரு தும்மல். எங்களுக்கே கேட்கவில்லை. அந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. மார்பில் குழலை வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், “ஏல, கிறிஸ்தவப் பொம்பள, படிச்ச பொம்பள, தும்மலுக்குச் சகுனம் பாக்கா. இவகிட்டயா நம்ம புள்ளயக் குடுக்க?” என்றாள். சனமெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வண்டி ஏறினார்கள். நானும் போய்க் கேட்டேன். சளி பிடித்த நெஞ்சில் மயக்கமருந்தை ஏற்றினால் ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் பிறகு கபம் கட்டிக்கொண்டு உயிர் போய்விடும், அப்படிப் போன ஒருத்தியின் கண்ணை என் கையாலேயே மூடியிருக்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அன்றுதான் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

ஆனாலும் என் மனசு ஆறவில்லை. இப்படித் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுத்தான் காலத்தை ஓட்டப் போகிறாரோ என்று இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவர் உவரிக்காரர் ஒருவர். கரையேற்றும்போது கட்டுமரம் புரண்டு முழங்கை நசுங்கி, ஊரிலேயே ஏதோ பச்சிலை வைத்துக் கட்டி நாலைந்து நாள் கழித்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரிக்கும் முன்பே வார்டு முழுக்க நாற்றம். டாக்டரம்மா குனிந்து மோந்து பார்த்தார். படித்துறை இல்லை, கண்ணாடிக் குழல் இல்லை. இப்போதே கையை எடுக்க வேண்டும் என்றார். உவரிக்காரருடைய தம்பி, அவர்கள் கோயில் சாமியார் வந்து சாவுக்கு முன் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுக்கட்டும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று காலைப் பிடித்தான்.

“சாமியார் வரட்டும், வந்து ஜெபம் பண்ணட்டும். நான் நிக்க மாட்டேன். இதுல பயப்படதுக்கு நேரமில்ல.”

வெந்நீர் கொதித்த கையோடு உள்ளே கொண்டுபோய்விட்டார். சாமியார் வந்து சேர்ந்தபோது உவரிக்காரர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டி எடுத்த கையை உப்புப் போட்ட ஓலைப்பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போய் முறையாக அடக்கம் செய்தார்கள். அவர் பிற்பாடு ஒற்றைக் கையால் வலை பின்னுகிறார் என்று கேள்விப்பட்டோம். இந்த அம்மாளின் பயம் கையைக் கட்டிப் போடுகிற பயம் இல்லை என்று அன்று எனக்கு உறைத்தது. அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு தும்மலைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

சளி தெளிந்து, கிருபைக்கு ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேப்பமரத்தடியில் நின்றேன், அவ்வளவுதான். எத்தனை சங்கீதம் சொன்னேன், எத்தனை பாதியில் மறந்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். டாக்டரம்மா வெளியே வந்து, வெட்டி எடுத்த கட்டி கிடந்த ஒரு வாளியைக் காட்டினார். நான் வாளியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். பாதி தாண்டியிருக்கிறோம் என்றார். ஒரு பக்கத்தில்தான் கட்டி இருந்தது, மறுபக்கம் நன்றாக இருக்கிறது, அதைத் தொடவில்லை என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நேரம் எனக்கு ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம். கட்டில் பக்கத்தில் பயம் என்ற சொல்லே இல்லை. கிருபையிடம் சிரித்துப் பேசினார். என்னிடம் மட்டும் வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொல்வார். ஏன் இப்போது அவளிடம் சொல்லுவதில்லை என்று கேட்டேன். “வெட்டுததுக்கு முன்னால பயம் அவளுக்குத் தெரியணும். சரின்னு சொல்ல வேண்டியது அவதான? வெட்டினதுக்குப் பொறவு அது என் பயம். படுத்திருக்கவ தலையில அதையும் ஏத்தக் கூடாது” என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயம்தான் எங்களை ஒரு பாடு படுத்தியது.

காவலுக்கு என் அம்மாவைத்தான் தேர்ந்தெடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஈரத் துணியால் உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான் என்று சொல்லி, உங்கள் கண்டிப்பு எனக்கு வேண்டும் என்றார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இளநீரும் மாதுளையும் கொண்டுவந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தாகத்தில் கிருபை கெஞ்சியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

வயிற்றைத் திறந்து மூடிய நோயாளிகளிடம் டாக்டரம்மா காலையும் மாலையும் ஒரு கேள்வி கேட்பார். காற்று போனதா? செருப்புச் சத்தத்தோடு வந்து, வார்டு அதிரக் கேட்பார். வெட்டிய குடல் மயங்கிப் படுத்துவிடுமாம். அது எழுந்து வேலையை ஆரம்பித்ததற்குக் காற்றுப் பிரிவதுதான் அடையாளம். பிரியாமல் வயிறு உப்பிக்கொண்டே போனால் குடல் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது மறுபடி திறக்க வேண்டும். ஆண்கள் வார்டில் இந்தக் கேள்விக்கு ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி பதில் சொல்வார்கள். போய்விட்டது என்று யாராவது சொன்னால் டாக்டரம்மா கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டு “ஸ்தோத்திரம்” என்பார். கோயிலில் சொல்வது போலவே, அத்தனை பயபக்தியாக.

கிருபையிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். மறுநாளும் இல்லை. வயிறு உப்ப ஆரம்பித்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். டர்ப்பன்டைன் தெளித்த வெந்நீர்த் துணியை வயிற்றில் போட்டார்கள். நாடி வேகமாக ஓடியது. அன்று மாலை டாக்டரம்மா என்னிடம், காலைக்குள் காற்றுப் பிரியாவிட்டால் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். இந்த உடம்பு இன்னொரு தடவை தாங்குமா என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் பெண்கள் வார்டில் ஜெபம். வேதம் வாசிக்கிற அம்மாள் ஒருவர் வருவார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஒரு சத்தமில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜெபம் பாதியில் இருக்கும்போது என் அம்மா உரத்த குரலில் “ஆமென்” என்றாள். வேதம் வாசிக்கிறவர் திடுக்கிட்டு ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார். ஜெபத்தில் எந்த இடத்தில் ஆமென் வரும் என்று தூக்கத்தில்கூடத் தெரிந்தவள் அம்மா. மருமகளை நினைத்து உடைந்து போய்விட்டாள், புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

காலையில் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தது. அம்மா தலைமாட்டில் இருந்தாள், நான் கால்மாட்டில். காற்று போனதா என்று டாக்டரம்மா கேட்டார். கிருபை ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், இன்னொரு தடவை கேட்டார். இல்லை. அவர் முகத்தில் குழப்பம் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். நானும் அம்மாவும் பின்னாலேயே வந்தோம். ஆபரேஷன் அறையில் வெந்நீர் அண்டா கொதிக்கிற சத்தம் கேட்டது.

“வயிறு எளகுன மாதிரி இருக்கு, நாடியும் எறங்கியிருக்கு. ஆனா காத்துப் போகலேங்கா. இன்னும் காத்திருந்து குடல் அழுகிட்டுன்னா ஒண்ணுஞ் செய்ய முடியாது. தொறக்கப் போறேன் வாத்தியாரே. ஜெபம் பண்ணுங்க.”

நான் சரி என்று சொல்லியிருப்பேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகம் கன்னிப் பெண்ணின் முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

“போச்சு, டாக்டரம்மா.”

“என்ன போச்சு?”

“நேத்தே போச்சு. சாயங்காலம், ஜெபத்துல. நான் கேட்டேன். புள்ள கூச்சப்படுவாளேன்னு கேக்காத மாதிரி இருந்துட்டேன். பக்கத்துல யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு ஆமென் சொன்னேன்.”

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கோ அந்த ஆமென் இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. அவர் நேரே உள்ளே போனார். கட்டில் பக்கம் குனிந்து கிருபையின் காதோடு ஏதோ கேட்டார். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிருபை போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது போலிருக்கிறது. டாக்டரம்மா நிமிர்ந்தார், தோளில் இருந்த கடிகாரத்தைத் தொட்டார், “ஸ்தோத்திரம்” என்றார். சத்தமே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. நேற்று மாலையிலிருந்து நாலைந்து தடவை போயிருக்கிறதாம்.

வெளியே வந்து வராந்தாப் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு உயரமான அம்மாள் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அண்டாவை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“நெஞ்சுக்குப் பயந்தேன், சளிக்குப் பயந்தேன், சொத்தப் பல்லுக்குப் பயந்தேன். மாமியாருக்குப் பயப்பட மறந்துட்டனே அம்மா.”

முதலில் சிரித்தது யார் என்று எனக்கும் கிருபைக்கும் இன்றுவரை வழக்கு. அம்மாதான் என்று நான் சொல்கிறேன். உள்ளே போர்வைக்குள்ளிருந்து தான்தான் என்று அவள் சொல்கிறாள். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது தலையணையை வயிற்றோடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு, வலியில் கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழகியபடியே பிடித்திருந்தாள். தையல் ஒன்றும் பிய்யவில்லை. காரியம் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன், ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன் என்றாள். மறுபடி வெட்டப் போகிறார்கள் என்றே தெரிந்திருந்தால்கூட அத்தை முன்னால் சொல்லியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அம்மா அதைக் காதில் வாங்காதது போல, ஈரத் துணியை எடுத்து அவள் உதட்டைத் துடைத்தாள்.

அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது வழக்கம். டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்னால், மாமியார்மார் எல்லோரும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ மரத்தடியில் நின்றால் ஆபரேஷன் பண்ணினவர்களுக்கு நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர்களும் பக்தியோடு போய் நிற்பார்களாம்.

மறுபக்கம் என்று அவர் சொன்னது இன்னொரு சினைப்பையை என்பதும், அதைத் தொடாமல் விட்டதன் அர்த்தமும் சில வருஷம் கழித்துப் புரிந்தது. எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். நல்லபடியாக வீட்டிலேயே பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவுக்குத் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பிள்ளையை மடியில் கிடத்தி, மார்பில் குழலை வைத்து, ஈறைத் தடவி, இமையை இழுத்து, வழக்கமாக எதற்கெல்லாம் பயப்பட வேண்டுமோ அதற்கெல்லாம் பயந்து முடித்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் மகள், எங்கள் வீட்டு ஒழுங்கு எதுவும் அறியாதவள், அவர் மடியிலேயே சத்தமாகக் காற்று விட்டாள்.

“ஸ்தோத்திரம்” என்றாள் அம்மா. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி.

கிருபை முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் கிருபையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் முந்தானை, இன்னொரு கை பெஞ்சில். வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார்.

“இப்பத்தான் வாத்தியாரே எனக்குப் பயம் தெளிஞ்சிட்டு” என்றார்.